பதினாலாம் நம்பர் கிடா

இல்லம்மா, ஒண்ணை அமுக்கச் சொன்னா, அமுக்கினேன். ரெண்டை அமுக்கச் சொன்னா, அமுக்கினேன். அப்புறம் நட்சத்திரமாம், அதையும் அமுக்கினேன். அரை மணி நேரமா ஒரே பாட்டு ஓடுது. பாட்டு நல்ல பாட்டுதான், ஆனா பதினெட்டாவது தடவை கேக்கறப்ப யாரையாவது ரெண்டு சாத்து சாத்தலாம் போல வந்துருச்சு. நீ மனுஷிதானே? மிஷின் இல்லையே? கோவிச்சுக்காத. போன தடவை ஒருத்தி இப்படித்தான் தேன் ஒழுகப் பேசினா. நானும் நம்பி கால் மணி நேரம் என் கஷ்டத்தையெல்லாம் கொட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, மன்னிக்கவும், உங்கள் பதில் புரியவில்லைன்னு சொல்லிட்டா. அன்னைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசா இறங்கல.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆட்டைக் காணோம். பதினாலாம் நம்பர், கிடா. விடியறப்ப இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். உள்ள போய் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன், ஆளைக் காணோம். ஆட்டைக் காணோம்னு சொல்ல வந்தேன். இப்ப மணி மூணு. என் போன்ல பதினாலுக்கு நேரா சிவப்பா ஒரு பொட்டு மட்டும் காட்டுது. வேலியைத் தாண்டிருச்சாம். எங்க இருக்குன்னு காட்டமாட்டேங்குது. வேலிக்குள்ள இருந்தா எந்த சோலார் பலகைக்கு அடியில படுத்திருக்குன்னுகூடக் காட்டும், வெளிய போயிட்டா உங்க ஆபீசுக்கு மட்டும்தான் தெரியுமாம். இது என்ன கூத்து? உள்ள இருக்கிற ஆட்டைப் பாக்க எனக்கு எதுக்கு மிஷின், கண்ணு இல்லையா? நீ இடத்தை மட்டும் சொல்லிடு கண்ணு, நானே போய்க் கூட்டிட்டு வந்துடுறேன். வேற யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்.

முதல்ல சரிபாக்கணுமா? பாரு, பாரு. சோலார் பண்ணை, ஏழாம் பிளாக். புல்லு மேய்க்கிற ஒப்பந்தம். இருநூத்தி நாப்பது செம்மறி, எல்லாத்துக்கும் கழுத்துல இடம் காட்டுற உங்க பட்டை இருக்கு. என் பொறந்த தேதியா? பெரு மழை நின்ன மறுநாள். அதை எழுத முடியாதா? அப்ப ஜனவரி ஒண்ணுன்னு இருக்கும் பாரு. இருக்கா? எங்க ஆளுங்க எல்லாருக்குமே ஜனவரி ஒண்ணுதான். எந்தக் குழந்தை எந்த மேட்டுல பொறந்துச்சுன்னு தெரியும், தேதி யாருக்குத் தெரியும்? எனக்கும் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் ஒரே பொறந்த நாளு. பேங்குல இருந்து மூணு பேருக்கும் ஒரே நேரத்துல வாழ்த்து வரும். மாமியார் போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு, வாழ்த்து மட்டும் தவறாம வந்துக்கிட்டிருக்கு.

சிரிக்கிற, அப்ப மனுஷிதான். நிம்மதியா இருக்கு.

ஆட்டைப் பத்தியா? கேளு. வயசு அறுபத்தெட்டு. என்னது? ஆமா, அறுபத்தெட்டு... மாசம். மாசம்தான்! பின்ன வருஷமா சொல்வாங்க? எடை போன வாரம் ஆஸ்பத்திரியில நிறுத்தினப்ப அறுபத்திரண்டு கிலோ. மாட்டாஸ்பத்திரிதான், வேற எந்த ஆஸ்பத்திரி? உடம்புக்கு என்னன்னா, சர்க்கரை இருக்கு. ஆட்டுக்கு சர்க்கரை வராதா? உங்க புஸ்தகத்துல வராதுன்னு போட்டிருக்கலாம், எங்களுதுக்கு வந்திருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. இன்னைக்குக் காலையில போடாமலே போயிருச்சு. அதான் எனக்கு உசுரே நிக்கல. சாப்பிடவும் இல்ல. மதியச் சாப்பாட்டைத் தட்டு போட்டு மூடி வெச்சிருக்கேன். புல்லைத்தான்மா, புல்லைத்தான் மூடி வெச்சிருக்கேன். ஈ மொய்க்காதா?

ஆமா, உங்க ஊர்ல இப்ப என்ன நேரம்? காலையா? இங்க வெயில் சாயுது, நீ இன்னும் பல்லே விளக்கியிருக்க மாட்ட. அவ்வளவு தூரத்துலயா உக்காந்திருக்க? பேச்சு மட்டும் அச்சு அசல் நம்ம பேச்சா இருக்கே. அப்பா அம்மா அங்க போய்ட்டாங்களா? வேலைக்கா? அப்படிச் சொல்லு. அவங்களும் மேய்ச்சல் தேடித்தான் போயிருக்காங்க. விமானத்துல போனா என்ன, நடந்து போனா என்ன. உங்களுக்கு ஆடு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் இரு. இது ரெக்கார்டு ஆகுதா? எங்க சூப்பர்வைசர் காதுக்குப் போகுமா? இல்ல, சும்மா கேட்டேன். சும்மா எங்க கேட்டேன், பயந்துதான் கேட்டேன். ஒப்பந்தத்துல ஒரு விதி இருக்கு, உனக்கே தெரியும். ஆடு வேலி தாண்டிருச்சுன்னு மூணு தடவை புகார் பதிவானா மந்தையையே வெளிய அனுப்பிடுவாங்க. முதல் தடவை ஒரு குட்டி கம்பிக்கு அடியில பூந்து போச்சு. ரெண்டாவது போன மாசம், இதே பதினாலு. இதை மூணாவதுன்னு நீ எழுதிட்டேன்னா அவ்வளவுதான், நாங்க இருநூத்தி நாப்பது ஆட்டை ஓட்டிக்கிட்டு எங்க போறது? நீயே சொல்லு. போற வழியெல்லாம் வேலி போட்டாச்சு. அதனால எழுதறதை மெதுவா எழுது. பேனாவைத் தேடுற மாதிரி தேடு.

கம்ப்யூட்டர்ல பேனா கிடையாதா? அப்ப எதையாவது தேடு.

நாங்க போனா புல்லு வெட்ட மிஷின் வருமாம். தானா ஓடுற மிஷின். அந்தக் கதையைச் சொல்லவா? இடம் வர்றதுக்கு நேரம் ஆகும்னுதானே சொன்ன, உன் கம்ப்யூட்டர்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு, கேளு. நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பண்ணைக்காரங்க ஒரு போட்டி வெச்சாங்க. ஒரு பக்கம் மிஷின், ஒரு பக்கம் எங்க மந்தை. தொப்பி போட்டுக்கிட்டு பத்துப் பேர் வந்து குடைக்கு அடியில உக்காந்துட்டாங்க. மிஷின் ஜோராத்தான் கிளம்புச்சு. எங்க ஆடுங்க எதுவும் தின்னல, எல்லாம் வரிசையா நின்னு மிஷினை வேடிக்கை பாத்துச்சுங்க. எனக்கு மானம் போச்சு. எங்க வீட்டுக்காரர் மட்டும் அசையாம நின்னாரு. கால் மணி நேரத்துல மிஷின் ஒரு கல்லை வாயில வாங்கித் துப்புச்சு பாரு, சோலார் பலகை ஒண்ணு சுக்கு நூறா போச்சு. அந்தச் சத்தத்துல மிரண்டு ஓடின ஆடுங்க அந்தப் பக்கம் போய் மேய ஆரம்பிச்சு, சாயங்காலத்துக்குள்ள நாலு வரிசையை மொட்டை அடிச்சிருச்சுங்க. பெரிய தொப்பிக்காரர் எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. இவரு பதிலுக்கு, வெள்ளாடு சேத்துக்காதீங்க, அது பலகை மேல ஏறி நின்னு ஊரைப் பாக்கும்னு புத்தி சொல்லிட்டு வந்தாரு. அந்த மிஷினை இப்ப இன்னும் நல்லா செஞ்சிருக்காங்களாம். கல்லைத் துப்பாதாம். சூப்பர்வைசர் ரூம்ல அதோட படத்தை மாட்டியிருக்கான், நான் போறப்பல்லாம் என்னையே பாக்குது.

எனக்கு இந்த இடம் பிடிச்சிருக்கும்மா, பொய் சொல்லக்கூடாது. எல்லாரும் வந்து, ஐயோ பாவம், சுதந்திரமா சுத்துனவங்கன்னு உச்சுக்கொட்டிட்டுப் போவாங்க. போன வருஷம் ஒருத்தர் கேமராவோட வந்து, மாறாத வாழ்க்கைன்னு படம் எடுக்கணும், அந்த வாஷிங் மிஷினைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னாரு. நீ போய்யா, உன்னைத் தள்ளி வெக்கிறேன்னு சொல்லிட்டேன். நான் கல்யாணமாகி வந்தப்ப, வீடு எங்கன்னு கேட்டதுக்கு, முன்னாடி போயிட்டிருக்கு, வேகமா நடன்னாங்க. நாப்பத்தஞ்சு வருஷம் நடந்தேன். தண்ணி இருக்கிற இடத்துக்கு நாங்க போனோம். இப்ப ரெண்டு ரூம், ஒரு குழாய். திருகினா தண்ணி என்னைத் தேடி வருது. முதல் நாள் சும்மாவே பத்துத் தடவை திறந்து திறந்து மூடினேன். கதவைத் தாழ் போட்டுக் குளிக்கிறேன். இதையெல்லாம் விட்டுட்டு எவ போவா?

கிடாவுக்குத்தான் பிடிக்கல. அது பழகின பழக்கம். வருஷத்துல எட்டு மாசம் நடை, வெயில் ஏறினா மலைப்பக்கம், மழை இறங்கினா சமவெளி. காத்து திசை மாறுற மாசம் வந்துச்சுன்னா கால் நிக்காது. வாசல்ல போய் நிப்பாரு, மோந்து பாப்பாரு... மோந்து பாக்கும். மரியாதையாப் பேசுறேனா? ஆமாம்மா, முன்னாடி போற கிடாவுக்கு நாங்க மரியாதை குடுத்துத்தான் பேசுவோம். வழி தெரியாமப் போச்சுன்னு சூப்பர்வைசர் சொல்றான். வழியெல்லாம் நல்லாத் தெரியும், அந்த இடத்துல வழிதான் இல்ல. முந்தி தண்ணி காட்டின குளத்துல இப்ப கார் ஷோரூம் நிக்குது. போன மாசம் நேரா அதுக்குள்ள போய் கண்ணாடிக் கதவு முன்னாடி நின்னுருக்கு. கதவு தானா திறந்திருக்கு. உள்ள ஏசியில உக்காந்து அவங்க குடுத்த தண்ணியைக் குடிச்சுட்டு வந்துருச்சு. குளம் இருந்த இடத்துல தண்ணி கிடைச்சிருச்சு பாரு, அது கணக்கு சரியாத்தானே இருக்கு?

கண்ணாடி டம்ளர்லதான் குடிச்சுச்சு. நல்ல பழக்கம் எல்லாம் உண்டு.

இன்னும் வரலையா? போன வாரத்துப் பதிவு வந்திருக்கா? அது எதுக்கு இப்ப? என்ன தப்பா இருக்கு? செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் முடி திருத்துற கடையில. ஆமா, முடி வெட்டிக்க. ஏம்மா, செம்மறிக்கு முடி வெட்டாம யாருக்கு வெட்டுவாங்க? உங்க ஊர்ல கம்பளிச் சட்டை எங்கேருந்து வருதுன்னு நினைச்ச? புதன்கிழமை முப்பது கிலோமீட்டர் வேகத்துலயா? அது பஸ்ஸு. கால் வலின்னு ஏத்திவிட்டேன். ஜன்னல் ஓரம். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ளயா? குளிருதுல்ல. வாரத்துல மூணு நாள் டீக்கடை வாசல்ல ரெண்டு ரெண்டு மணி நேரமா? அடப்பாவி, மூணு நாளா? என்கிட்ட ஒரு நாள்னுதானே சொன்னாரு. இல்ல, ஒண்ணுமில்ல. அங்க புல்லு நல்லா இருக்கும், அதச் சொன்னேன்.

எந்தச் சத்தம்? ஓ, அதுவா. அது ஒரு கிடா கத்துது. அது நம்பர் இல்லாத கிடா. விருந்தாளி. பக்கத்து மந்தையில இருந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போக வந்திருக்கு. பட்டியில விட்டா உங்க கேமராவுல படும்னு குளியலறையில கட்டி வெச்சிருக்கேன். என் சோப்பைத் தின்னுட்டுக் கத்துது. சும்மா இரு சனியனே! உன்னையில்லம்மா.

என்ன சொன்ன? திருப்பியா? இங்கேருந்தே எப்படித் திருப்புவ? முதல்ல பீப்பீன்னு கூவும், திரும்பலன்னா லேசா ஷாக்கா? ஐயையோ, வேணாம், வேணாம்! கூவுறதோட நிறுத்து. கூவினாலும் பிரயோஜனமில்ல, காது மந்தம். ஷாக்கெல்லாம் குடுக்காத. இதயம் பலவீனம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காரு, மாடி ஏறக் கூடாதுன்னிருக்காரு. ஆடு எதுக்கு மாடி ஏறுதுன்னா, அதான் ஏறக் கூடாதுன்னுட்டாரே! நீ குறுக்குக் கேள்வி கேக்காம அந்த பட்டன் கிட்டேயிருந்து கையை எடு. எடுத்துட்டியா? ரெண்டு கையும் மேசை மேல இருக்கா? என் மேல சத்தியமா?

நான் ஒண்ணும் மறைக்கல. மேலதிகாரிகிட்ட மாத்திவிடறியா? எதுக்கும்மா, நீயே தங்கமாப் பேசிக்கிட்டிருக்க. அவங்ககிட்ட விட்டா மறுபடியும் அந்தப் பாட்டு போடுவாங்க. காலையிலேருந்து பெரிய ரோட்டுல லாரி லாரியாப் போகுது. வெயிலு வேற. மாத்திரை போடல, சாப்பிடல. சர்க்கரை இறங்கினா எங்க உக்காந்திருக்கோம்னே தெரியாம உக்காந்துரும். நான் காலையிலேருந்து தெற்கால தேடினேன், டீக்கடை, ஷோரூம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் பாத்தாச்சு. எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே கேட்டேன், அழுதா விஷயம் பண்ணைக்குப் போயிரும்னு. எனக்கு அழுகை வருதும்மா. நான் இப்படி வளவளன்னு பேசுறதே அதுக்குத்தான். பேச்சை நிறுத்தினா அழுதுருவேன். தயவு பண்ணி இடத்தைச் சொல்லு.

வந்துருச்சா? வந்துருச்சா! எங்க? வடக்கா? நான் தெற்கால தேடியிருக்கேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எவ்வளவு தூரம்? நாலு கிலோமீட்டர். சரி. மேலேருந்து எடுத்த படம் தெரியுதா உனக்கு? என்ன தெரியுது, ஒவ்வொண்ணாச் சொல்லு. ஆறு லேன் ரோடு. சரி. பக்கத்துல நீளமா வெள்ளைக் கூரை, வரிசையா லாரி. அது பார்சல் குடோன். என் பையன் அங்கதான் அட்டைப்பெட்டி அடுக்குறான், உள்ள போறப்பவே போனை வாங்கிப் பூட்டி வெச்சிருவாங்க, கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. அதைத் தாண்டி? ரோட்டுக்கு அடியில மழைத்தண்ணி போற சுரங்கம் மாதிரி ஒண்ணு இருக்கணுமே. இருக்கா? பொட்டு அதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நல்லாப் பாத்துச் சொல்லு. அந்தப் பக்கம். தாண்டி, அந்தப் பக்கம்.

எவ்வளவு நேரமா அங்க இருக்கு? ரெண்டு மணி நேரமா அசையவே இல்லையா.

என்ன போட்டிருக்கு? என்ன எழுத்து அது? இறந்திருக்கலாம்னா? அடியே, வாயைக் கழுவு! யாரு இறந்தது? அசையாம இருந்தா அப்படி எழுதிருமா உன் கம்ப்யூட்டரு? அப்ப என்னைக் கேட்டா பாதி உலகம் செத்துப்போச்சு, டி.வி. முன்னாடி போய்ப் பாக்கச் சொல்லு. உசுரு இருக்கான்னு பாக்க என்ன பண்ணுவாங்க? ஷாக் குடுத்துப் பாப்பாங்களா? தானாப் போயிருமா? எத்தனை மணிக்கு? மூணே முக்காலா? அதுக்கு இன்னும் பத்து நிமிஷம்தானே இருக்கு. நிறுத்து. நிறுத்தும்மா அதை. நீ எதையாவது அமுக்கி நிறுத்து. காரணமா? காரணம் எழுதணுமா? எழுதிக்கோ. அது கிடா இல்ல, எங்க வீட்டுக்காரரு.

நிறுத்திட்டியா? நல்லா நின்னுருச்சா? சரி. மகராசியா இரு.

இடுப்புலதான் கட்டியிருக்கேன், கழுத்துல கட்டினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க. டாக்டர் குடுத்த சர்க்கரை பெல்ட்டுன்னு சொன்னேன், ரொம்ப சந்தோஷமாக் கட்டிக்கிட்டாரு. ரெண்டு வருஷமா மறதிம்மா. காலையில சாப்பிட்டது ஞாபகமில்ல, மகன் பேரு சமயத்துல நிக்காது. ஆனா இருநூத்தி நாப்பது ஆட்டுல எதுக்கு எது தாயின்னு கேளு, ஒண்ணு தப்பாம சொல்லுவாரு. அவரு செத்தெல்லாம் போகல. எனக்குத் தெரியும். அந்த இடத்தைச் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நடையில அவரு முன்னாடி, நான் பின்னாடி. எங்களுதுல அப்படித்தான். ரோடோ ஆறோ குறுக்கே வந்தா முன்னாடி போறவர் முதல்ல தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்னுருவாரு. கடைசி ஆடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாரு. மழையில ஒரு தடவை அரை நாள் நின்னாரு. இப்பவும் தாண்டிட்டாரு, மந்தை பின்னாடி வருதுன்னு நிக்கிறாரு. பின்னாடி யாருமே இல்லன்னு அவருக்கு யாரு சொல்றது?

ஆம்புலன்சும் வேணாம், உங்க ஆளுங்களும் வேணாம். யாரு கூப்பிட்டாலும் வர மாட்டாரு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இப்படித்தான் ரோட்டைத் தாண்டி நின்னாரு, நான் தனியாத்தான் போய்க் கூப்பிட்டேன். என்னைப் பாத்ததும் அவரு மூஞ்சி செத்துப்போச்சும்மா. பின்னாடி வர்றவ நான். நான் வந்துட்டேன், மந்தை வரலன்னா என்ன அர்த்தம்? எல்லாத்தையும் தொலைச்சுட்டு நிக்கிறேன்னு அர்த்தம். என் கையை உதறிட்டு ஆட்டைத் தேடி ரோட்டுக்குள்ள ஓடினாரு. லாரிக்காரன் பிரேக் போட்டதுல நான் இன்னைக்குப் பொட்டோட இருக்கேன். அதுக்கப்புறம்தான், குளியலறையில கத்துதே, அந்த நிஜப் பதினாலோட பட்டையைக் கழட்டி இவருக்குக் கட்டினேன்.

அதனால ஆட்டோடதான் போகணும். பண்ணை வேலியோட வடக்குக் கேட்டை இப்பத் திறக்கப் போறேன். பத்து போதும், அவரு எண்ண மாட்டாரு. ஆடு முன்னாடி வரணும், கடைசியா நான் வரணும், அவ்வளவுதான். இப்ப உன் படத்துல வரிசையா பத்து சிவப்புப் பொட்டு வரும், பதறாத. எதுக்கும் ஷாக் குடுத்துராத, பாவம், அதுங்க நான் சொல்லித்தான் வருதுங்க. விதி தெரியும்மா. மூணாவதுன்னு எழுதணும்னா எழுதிக்கோ. வேலி தாண்டல, அவளே திறந்துவிட்டான்னு எழுது. சூப்பர்வைசர் கேட்டா மிஷினைக் கொண்டாரச் சொல்லு, நாளைக்கு நான் பேசிக்கிறேன். இன்னைக்கு எனக்கு நேரமில்ல.

சாப்பாட்டுப் பொட்டலம் எடுத்துக்கிட்டேன், மாத்திரை எடுத்துக்கிட்டேன். போனை வெக்காத, இடுப்புல சொருகிக்கிறேன். அவரு நகர்ந்தாருன்னா சத்தமாக் கத்து. நகர மாட்டாரு. இருந்தாலும் கண்ணை எடுக்காமப் பாத்துக்கோ. ஹேய், ஹேய், வாங்கடி, வெளிய வாங்க! பயப்படாதீங்க, முன்னாடி அவரு நிக்கிறாரு.